வேங்கைகளை வழியனுப்பிய கண்டனக் கூட்டம்

ஓர் ஊரை உயர்த்துவதற்கு இவ்வுலகம் இதுகாறும் கண்டறிந்த வழிகளுள் தலையாயது, அவ்வூரின் காற்பந்துக் குழுவைப் பெயர்த்தெடுத்து வேறோர் ஊரில் வைத்துவிடுவதேயாகும். குழு போய்விட்டால் திடலில் கூச்சல் இல்லை. சாலையில் நெரிசல் இல்லை. தோல்வி என்பதோ அறவே இல்லை. சுங்கைப் பட்டாணி வட்டாரத்தில் எங்கள் தெராத்தாய் வேங்கைகளின் வழியாக இப்பேறு எங்களுக்கு வாய்த்தது.

தெராத்தாய்த் தோட்டத்து ரப்பர்த் தொழிலாளர்கள் தொடங்கிய குழு அது. தோட்டம் வீடமைப்புத் திட்டமாக 'மலர்ந்த' பின்னர், சனங்கள் மூலைக்கொருவராய் அடுக்குமாடிகளில் குடியேறினர். இழவு வீடு நீங்கலாக, அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் காண்பது சனிக்கிழமை மாலை ஆட்டத்தில்தான். கையுறை ஆலையில் பணிபுரியும் லோகேஸ்வரி, அச்சனிக்கிழமைகளில் விடுப்புப் பெறும்பொருட்டுத் தீபாவளியன்றும் வேலைக்குச் சென்றவர். அவரைப் போன்றோர்க்கு முன்னேற்றத்தின் அருமை விளங்காது.

குழுவின் உரிமையாளர், டத்தோ பட்டம் பெற்ற புவனேசனுக்கு அது விளங்கியது. தலைநகரை ஒட்டிய புதுப்பட்டணம் ஒன்றுக்குக் குழு செல்லும் என்று அவர் அறிவித்தார். அது 'இடமாற்றம்' அன்றாம், 'விரிவாக்கம்' ஆம். விரிந்தபின் இங்கே எஞ்சுவது யாது என்று வினவும் அநாகரிகம் எவரிடமும் இல்லை.

ஒரேயொரு தடை இருந்தது. ஆதரவாளர் சங்கம் கூடி, பெரும்பான்மையோர் கை தூக்கி எதிர்த்துவிட்டால், விதிப்படி குழு நகர முடியாது. லோகேஸ்வரி வீடு வீடாகச் சென்று ஆள் திரட்டிவிட்டு, சங்கத் தலைவர் பழனியாண்டியிடம் வந்தார்.

தலைவர் கேட்டார்: "கண்டனக் கூட்டம்னா சும்மாவாம்மா? சிறப்பு விருந்தினர் யாரு?"

"எதுக்குண்ணே விருந்தினர்? வந்தோமா, கைய தூக்குனோமா, போனோமா. முடிஞ்சிச்சிலா."

"அப்புறம் குத்துவிளக்க யாரு ஏத்தறது?"

"நானே ஏத்துறேன்."

"நீ தீப்பெட்டி கொண்டு வாம்மா. ஏத்தறதுக்குப் பதவி வேணும்."

பதவியுடையோர் பலரைத் தலைவர் அணுகினார். அனைவருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை திருமணங்கள் இருந்தன. இறுதியில், பொது வாழ்வில் பழுத்த ஒருவருக்கே தோன்றக்கூடிய தீர்வு அவருக்குத் தோன்றியது. டத்தோவையே அழைத்துவிட்டார். எதிர்க்கப்படுபவரே நேரில் வந்து எதிர்ப்பைத் 'திறந்து வைப்பது' எதிர்ப்புக்கு எத்துணைப் பெருமை!

கோயில் மண்டபம் நிரம்பிற்று. கடவுள் வாழ்த்துக்குப் பின் டத்தோ விளக்கேற்றினார். பொன்னாடையும் சந்தன மாலையும் அணிவிக்கப்பெற்றன. "போராட்டக் காவலர்" என்ற பட்டமும் வழங்கப்பெற்றது. வழக்கமாக அச்சிட்டு வைத்திருக்கும் பட்டங்களுள் அது ஒன்றே கைவசம் இருந்ததாகக் கேள்வி.

டத்தோ உருக்கமாகப் பேசினார். "டீம் எங்க போனாலும் உங்க மனசு பின்னாலயே வரும், எனக்குத் தெரியும். கெரேத்தாவ ஓட்டிக்கிட்டு வந்தாத்தான் டோல் கட்டணும். மனசுக்கு ஏதுங்க டோல்?"

அவையோர் எழுந்து நின்று கைதட்டினர்.

லோகேஸ்வரி குரல் கொடுத்தார்: "தலைவரே, தீர்மானம்!"

"நன்றியுரைக்கு அப்புறம்மா. முறைன்னு ஒன்னு இருக்குல்ல?"

நன்றியுரை டத்தோவில் தொடங்கி, அவர் துணைவியார், ஒலிபெருக்கி, நாற்காலிகள் என நீண்டது. அது முடியும் தறுவாயில், டத்தோவின் 'அன்பளிப்பாக' பிரியாணிப் பொட்டலங்களும் சிராப் பானமும் வந்திறங்கின. உணவு ஆறுவதைப் பொறாத தலைவர், பரிமாறியபடியே தீர்மானத்தை எடுத்துக்கொள்ளலாம் என அருளினார்.

"அண்ணே, அவரு டீமையே பொட்டலம் கட்டி தாப்பாவ் பண்ணிட்டுப் போறாரு. நீங்க யாருக்குக் கோழித் தொட, யாருக்கு நெஞ்சுன்னு பாத்துக்கிட்டு நிக்கறீங்க!" என்றார் லோகேஸ்வரி.

"கோவப்படாதம்மா. எதிர்க்கறவங்க எல்லாம் கைய தூக்குங்க."

ஒவ்வொருவர் வலக்கையிலும் பிரியாணி; இடக்கையில் சிராப். கீழே வைக்கவோ மேசை இல்லை. சாமி மண்டபத்துத் தரையில் சோற்றை வைப்பது முறையும் அன்று. வேங்கைகள் தோற்ற நாள்களில் நடுவரை ஏழு தலைமுறைக்கும் இழுத்துத் திட்டும் அம்மாசி மட்டும் ஒரு வழி கண்டார்.

"தலைவரே, முழங்கைய கணக்குல எடுத்துக்குவீங்களா?"

"விதியில கைன்னுதான் இருக்கு, அம்மாசி."

அம்மாசி விதிக்குக் கட்டுப்பட்டு முழங்கையை இறக்கினார். மண்டபத்தில் உயர்ந்து நின்றது, பொட்டலம் வாங்காத லோகேஸ்வரியின் கை ஒன்றே. அவையோருள் எவரும் டத்தோவை ஆதரிக்கவில்லை என்பதை ஈண்டு அழுத்தமாகக் கூறுவேன். அவர்கள் வெறுமனே ஏந்திக்கொண்டிருந்தார்கள்.

குழு விரிவடைந்து சென்றது. பச்சைச் சட்டை நீலமாயிற்று. பெயரிலிருந்து தெராத்தாய் உதிர்ந்தது. திடலில் இப்போது பழைய கார்களை நிறுத்தி விற்கிறார்கள். ஊர் அடைந்த அமைதியோ அளப்பரியது: அம்மாசி சனிக்கிழமை மாலைகளில் கைப்பேசியைச் சுவரில் சாய்த்துவைத்து, அதில் ஓடும் ஆட்டத்தின் நடுவரைத் தாழ்ந்த குரலில், பக்கத்து வீட்டாருக்குக் கேளாவண்ணம் திட்டுகிறார்.

அத்தகைய ஒரு சனிக்கிழமை, திடலோரத்துத் தேநீர்க் கடையில் சங்கத்தார் சிலருடன் நானும் அமர்ந்திருந்தேன். மாலை வேலைக்குப் புறப்பட்ட லோகேஸ்வரி, ஆலைச் சீருடையில் தேநீர் வாங்க வந்து நின்றார். அவரைக் கண்டதும் தலைவருக்கு வீரம் பிறந்தது.

"திருடிட்டான்மா! பட்டப்பகல்ல நம்ம டீமைத் திருடிட்டுப் போயிட்டான் அந்த டத்தோ!"

"அன்னிக்கு ஏண்ணே சும்மா இருந்தீங்க?"

"என்னம்மா பண்றது? ரெண்டு கையும் ஒழியல."

லோகேஸ்வரி தேநீரை வாங்கிக்கொண்டு சொன்னார்: "திருடன் வந்தா நாய் கொலைக்கும்ணே. அதுக்குக் கையே கெடையாது."