மேஸ்திரி கட்டிய மீன்குளம்

கல்யாண அண்டாவுக்குள் பன்னிரண்டு மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. வெள்ளையும் சிவப்புமாய், ஒவ்வொன்றும் முழங்கை நீளம்.

"ஏனுங்க, குளம் வெட்டிப்போட்டு மீன் வாங்குவாங்களா, மீன வாங்கிப்போட்டுக் குளம் வெட்டுவாங்களா?" என்று கேட்டாள் பெரியநாயகி.

"ஆளு இன்னைக்கு வந்துருவாரு. ரெண்டே நாளு பொறுத்துக்க" என்றார் சபரிநாதன்.

இந்த 'ரெண்டே நாளு' ஆரம்பித்து ஆறு நாள் ஆகியிருந்தது.

மல்லசமுத்திரத்தில் நாலு ஏக்கர் குச்சிக்கிழங்குக் காடும் இரண்டு லாரியும் வைத்திருக்கும் சபரிநாதனுக்குத் திடீரென்று மீன்மேல் ஆசை வந்துவிடவில்லை. அவருடைய ஆசையெல்லாம் மகள் தனப்பிரியா மேல்தான். இரண்டு வரன்கள் வந்து கேசரி சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்று போனவர்கள் போனவர்கள்தான். மூன்றாவதாக நாமக்கல்லுக்குக் கிழக்கே ஒரு பெரிய கோழிப்பண்ணைக்காரர் மகன். பையன் கோயமுத்தூரில் கம்பெனி வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது.

தரகர் அன்பரசு போனில் ஒரு எச்சரிக்கை கொடுத்திருந்தார்.

"அவங்க சொல்லிக்கிட்டு வரமாட்டாங்க. மொதல்ல சாடையா வந்து ஊட்டையும் ஆளையும் பாத்துட்டுப் போவாங்க. புடிச்சாத்தான் முறையா பொண்ணுப் பாக்க வருவாங்க. உங்க பொறக்கடைதான் வெறிச்சுன்னு கெடக்குது, எதாச்சும் பண்ணுங்க."

கோயமுத்தூரில் சபரிநாதனின் பங்காளி ஒருவர் வீட்டுப் பின்புறத்தில் கோய் என்கிற ஜப்பான் வண்ண மீன்களுக்குக் குளம் கட்டினார். கட்டிய எட்டாம் நாள் அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சபரிநாதனுக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியிருக்கவில்லை.

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் நண்பர் மணியன்தான் ஆள் சொன்னார். "நாமக்கல் பக்கத்துல ஒருத்தரு இருக்கறாரு. குளம் கட்டறதுல கெட்டி. வாய்தான் தொறக்க மாட்டாரு. அனுப்பி வெக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஒடிசாவுக்கு போர் போடக் கிளம்பிப் போனார். அதற்குப் பிறகு அவர் போன் எடுக்கவில்லை.

அன்று மத்தியானம் பழைய பைக் ஒன்று வாசலில் நின்றது. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், சாயம் போன சட்டையோடு, வீட்டை மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மேஸ்திரி! ஆறு நாளா உங்களுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கறேன்."

"அது வந்துங்க, நான் என்னன்னா…"

"சமாதானமெல்லாம் அப்பறம் சொல்லலாங்க. மொதல்ல எடத்தப் பாருங்க" என்று கையைப் பிடித்துப் புறக்கடைக்கே இழுத்துக்கொண்டு போனார் சபரிநாதன். அங்கே அவரே சுண்ணாம்பில் கோடு போட்டு வைத்திருந்தார்.

வந்தவர் கோட்டைப் பார்த்தார். தலையைச் சாய்த்து இன்னொரு தடவை பார்த்தார். "இது தப்புங்களே" என்றார். அந்த ஒரு வார்த்தையில் சபரிநாதனுக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்துவிட்டது.

"நீளம் கெழக்கு மேக்கா இருக்கோணுங்க. அப்பத்தான் வெய்யில் உள்ள அடிக்காது. காத்தும் குறுக்க போகும்."

"மீனுக்கு எதுக்குங்க காத்து?"

மேஸ்திரி கொஞ்சம் யோசித்தார். "எந்த உசுருக்கும் காத்து வேணுமில்லீங்களா" என்றார்.

மறுநாள் மேஸ்திரியே ஜேசிபி கொண்டுவந்தார். அது கேட்டுக்குள் நுழையவில்லை. காம்பவுண்டுச் சுவரில் எட்டடி இடித்து உள்ளே விட்டார்கள். உள்ளே வந்த ஜேசிபி முதல் தடவை மண்ணை வாரும்போதே குடிதண்ணீர்க் குழாயைக் கிளப்பிக்கொண்டு வந்தது. குழாயை அடைத்து முடிப்பதற்குள், இடிந்த சுவர் வழியே பக்கத்து வீட்டு ஜானகியம்மாளின் ஆடுகள் வந்து மல்லிகைப் பந்தலை மொட்டையடித்தன. ஆடு வராமல் இருக்க மேஸ்திரி வலை கட்டினார். வலையில் ஒரு கிடாய் சிக்கிக் கத்த, ஜானகியம்மாள் அதைவிடச் சத்தமாகக் கத்தினாள்.

"மேஸ்திரி, உங்களுக்குக் கூலி எவ்வளவுங்க?" என்று பயந்துகொண்டே கேட்டார் சபரிநாதன்.

"நமக்குள்ள என்னங்க, கடைசியாப் பேசிக்கலாம். ஆனா நான் ஒண்ணு சொல்லோணுங்க…"

"மொதல்ல அந்தக் கெடாய அவுத்து உடுங்க. அப்பறம் சொல்லுங்க."

இதற்கிடையே யார் வீட்டுப் பக்கம் வந்தாலும் சபரிநாதனுக்குச் சந்தேகம். ஐந்தாம் நாள் ஒருவர் டிப்டாப்பாக வந்து சுவரை அண்ணாந்து பார்த்தார். சபரிநாதன் ஓடிப்போய் நாற்காலி போட்டார். இளநீர் வந்தது, கேசரி வந்தது. தனப்பிரியாவே காபி கொண்டுவந்தாள். வந்தவர் எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்து, கரண்ட் மீட்டரில் ரீடிங் குறித்துக்கொண்டு போனார்.

"கரண்டு பில்லுக்குக் கேசரியாப்பா?" என்று சிரித்தாள் தனப்பிரியா.

எட்டாம் நாள் குழிக்குச் சிமெண்டு பூசித் தண்ணீர் விட்டார்கள். காலையில் பார்த்தால் குழி மட்டும் இருந்தது. இன்னொரு பூச்சு பூசினார்கள். மறுநாளும் தண்ணீர் இல்லை. ஜானகியம்மாள் வீட்டு மாட்டுக்கொட்டகையில்தான் இருந்தது. அவள் மறுபடியும் வந்தாள்.

வெறுங்கையால் சிமெண்டு அள்ளி அள்ளி மேஸ்திரியின் கை வெந்து போயிருந்தது. கம்ப்யூட்டரில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்த தனப்பிரியா அதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அப்படியே எழுந்து தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள்.

"கைய நீட்டுங்க மாமா. இனி இன்னைக்கு வேலை கெடையாது. உக்காந்து மோரு குடிங்க. அப்பா எதாச்சும் சொன்னா நான் பாத்துக்கறேன்."

மேஸ்திரி குழந்தை மாதிரி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. எண்ணெய் காந்தியிருக்கும் என்று சபரிநாதன் நினைத்துக்கொண்டார்.

உள்ளே வந்ததும் மகள் தாழ்ந்த குரலில் சொன்னாள். "அப்பா, அவருக்கு வேலை சுத்தமாத் தெரியலீங்கப்பா. ஆனா மனுசன் தங்கம்."

"தங்கத்த வெச்சு ஒழுகற எடத்த அடைக்க முடியுமா சாமி?"

அவள் கல்யாணமாகிப் போன பிறகு இந்த வீட்டில் தன்னை யார் இப்படி அதட்டுவார்கள் என்ற கவலை சபரிநாதனுக்கு வந்தது. இந்த வரனும் கைநழுவிப் போனால் என்ன செய்வது என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

பத்தாம் நாள் சபரிநாதன் தானே ஒரு வழி கண்டுபிடித்தார். லாரியில் மூடும் தார்ப்பாயைக் குழியில் விரித்துத் தண்ணீர் விட்டார். ஒரு சொட்டு இறங்கவில்லை. சந்தோஷத்தில் மேஸ்திரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆனால் அந்தத் தார்ப்பாய் போன வாரம்தான் கோழித் தீவனத்துக்குக் கருவாட்டுத் தூள் ஏற்றி வந்த லாரியில் இருந்தது. சாயங்காலத்துக்குள் மல்லசமுத்திரத்துப் பூனைகள் ஒன்று பாக்கியில்லாமல் குளத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. மீன்கள் அண்டாவிலேயே இருந்தன.

பதினோராம் நாள் அன்பரசு போன் செய்தார்.

"மாப்பிள்ளை ஊட்டுல நாளைக்குப் பத்து மணிக்கு முறையா வாராங்க. ஊட்டையும் பாத்தாச்சாம், பொண்ணையும் பாத்தாச்சாம். கொணத்துல கொறையே சொல்ல முடியாதுன்னு சொல்றாங்களாம்!"

"எப்பங்க பாத்தாங்க?"

"அது எனக்கெப்படிங்க தெரியும்? அவங்க கமுக்கமானவங்க."

சபரிநாதன் போனை வைத்துவிட்டு மனைவியைப் பெருமையாகப் பார்த்தார். "நான் சொன்னனா இல்லையா? அந்த மீட்டரு ரீடிங்காரன் அவங்க ஆளுதான். கேசரி வேலை செஞ்சிருச்சு பாரு!"

பன்னிரண்டாம் நாள் காலை ஒன்பதே முக்காலுக்கு அவர் புறக்கடைக்குப் போனபோது மேஸ்திரி முழங்கால் சேற்றில் நின்று தார்ப்பாயைச் சுரண்டிக் கழுவிக்கொண்டிருந்தார். சுற்றிலும் பூனைகள். கரையில் ஒரு மஞ்சள் பை.

"மேஸ்திரி! இன்னைக்கு எதுக்குங்க வந்தீங்க? மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க இப்ப வந்துருவாங்க!"

"தெரியுமுங்க. இது மனசுக்குள்ளயே கெடந்துச்சு, அதான் வெடிஞ்சதும் வந்துட்டேன். பையில வெள்ள வேட்டி கொண்டாந்திருக்கறேன். குளிச்சுட்டு மாத்திக்கிட்டு நானும் முன்னால வந்து…"

"நீங்க எதுக்குங்க முன்னால வாரீங்க! அவங்க உங்களப் பாத்து, இந்தக் குழியப் பாத்தாங்கன்னா என்ற மானமே போயிரும். என்ற மவளோட வாழ்க்கைங்க!" சபரிநாதன் அவரைச் சேறும் சகதியுமாகவே தள்ளிக்கொண்டு போய் மோட்டார் ரூமுக்குள் விட்டார்.

"ஏனுங்க, நான் சொல்றதச் சித்தக் கேளுங்…"

"கேசரி இங்கயே அனுப்பறேன். மூச்சு உடப்படாது." கதவை இழுத்து வெளியே தாழ்ப்பாள் போட்டார்.

சரியாகப் பத்து மணிக்குக் கார் வந்தது. மாப்பிள்ளை, அவன் அம்மா அங்கம்மாள், சித்தி, சித்தப்பா என்று எல்லோரும் இறங்கினார்கள். பூ, பழத்தட்டு, சிரித்த முகம். சபரிநாதனுக்கு உயிர் வந்தது. எல்லோரையும் உட்காரவைத்து, கண்ணால் எண்ணிப் பார்த்து, பெரியநாயகிக்குச் சைகை காட்டினார்.

"பொண்ண வரச் சொல்லலாங்களா?"

"சித்தப் பொறுங்க, எங்க ஊட்டுக்காரரும் வந்துரட்டும்" என்றார் அங்கம்மாள்.

"அடடே, சம்பந்தி பின்னால வாராருங்களா? எங்க இருக்கறாருங்க இப்ப?"

அங்கம்மாள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க? சாடையாப் பொண்ணுப் பாத்துட்டு வாரேன்னு கெளம்பி வந்த மனுசன், பன்னண்டு நாளா உங்க ஊட்டுப் பொறக்கடையிலதானுங்களே குழி வெட்டிக்கிட்டு இருக்கறாரு!"