மகரத்தின் சுழி

மகரத்தையும் பகரத்தையும் பிரிப்பது ஒரு சிறு சுழிதான். பள்ளியில் தமிழ் கற்பிக்கும் எனக்கு இது தெரியாததன்று. ஆனால், அந்தச் சுழி அழிந்தால் ஒரு கல்யாணமே ஆட்டம் கண்டுவிடும் என்பதை என் தங்கை கவிதாவின் வரவேற்பன்று, நாமக்கல் மண்டபத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

வரவேற்புக்கான காணொளியை நானே செய்கிறேன் என்று வலியப் போய் ஏற்றிருந்தேன். (யாரும் கேட்கவில்லை.) கவிதாவின் சிறுவயதுப் படங்கள், இரு வீட்டார் பெயர்கள், ஓரங்களில் பழுப்புப் பொன்னிறத்தில் இரண்டு அன்னங்கள், இறுதியில் அப்பாவின் வேண்டுகோள்: “வாழ்த்துங்கள், மொய் தவிர்க்கவும்.” மடிக்கணினியில் எவ்வளவு பெரிதாக்கினாலும் எழுத்துகள் கத்தியால் நறுக்கியதுபோல் கூர்மையாக நின்றன. அங்கே அவை கோடுகள். பெரிதாக்கும்தோறும் மென்பொருள் அவற்றைப் புதிதாக வரைந்து தரும். காணொளியாக ஏற்றுமதி செய்துவிட்டாலோ அவை வெறும் புள்ளிகளாக உறைந்துபோகும். அதன்பின் இழுத்தால் பிசிறத்தான் செய்யும். எனவே, காட்டப்போகும் திரையின் அளவிலேயே ஏற்றுமதி செய்யுங்கள் என்று உதவிப் பக்கம் தெளிவாகச் சொல்லியிருந்தது. படித்தேன்; மெச்சினேன்; இருப்பதிலேயே சிறிய அளவைத் தேர்ந்தெடுத்தேன். (வாட்ஸ்அப்பில் போக வேண்டுமே!) அதையே பென்டிரைவில் ஏற்றி மண்டபத்துக்கும் எடுத்துப் போனேன்.

கைப்பேசியில் பார்த்த என் கணவர், “எழுத்து கொஞ்சம் மங்கலாத் தெரியுதே?” என்றார்.

“மொதல்ல உங்க கண்ணாடிய மாத்துங்க” என்றேன்.

மேடைக்குப் பின்னால், ஒரு லாரியைக் குறுக்கே நிறுத்தியதுபோல் அகன்ற எல்.இ.டி. திரை. அதில் என் காணொளி ஓடத் தொடங்கியதும் பெயர்கள் மழையில் நனைந்த சுவரொட்டிபோல் ஊறிப் பருத்தன. பின்வரிசையில் ஒருவர் அக்கறையுடன் விசாரித்தார்: “ஏனுங்க, ஓரத்துல ரெண்டு மேச்சேரிச் செம்மறியாடு எதுக்குங்க போட்டிருக்குறாங்க?”

என் அன்னங்கள்!

அடுத்து அப்பாவின் வேண்டுகோள் வந்தது. மகரத்தின் சுழி கரைந்து காணாமல் போயிருந்தது. யகர ஒற்றின் புள்ளி மட்டும், என்னைக் காட்டிக்கொடுப்பதற்கென்றே பிழைத்திருந்தது. ஊரே கூடியிருந்த மண்டபம் படித்தது: “வாழ்த்துங்கள், பொய் தவிர்க்கவும்.”

வேறு கல்யாணமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இங்கே ஒரு பழைய புண் இருந்தது. மாப்பிள்ளைக்குச் சொந்தமாக, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி இருப்பதாக அவருடைய பெரியப்பா சொல்லியிருந்தார். அது இன்னொருவரோடு கூட்டாக வாங்கிய வண்டி என்று நிச்சயத்துக்குப் பிறகு தெரிந்தது. “பொய் சொல்லிட்டாங்க” என்று அப்பா குதிக்க, சம்பந்தமே முறியும் நிலைக்குப் போய், பெரியவர்கள் பேசி ஒருவழியாக ஒட்டவைத்திருந்தார்கள். ஒட்டிய இடம் இன்னும் காயவில்லை.

பெரியப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். “ஏனுங்க சம்பந்தி, கூப்புட்டு வெச்சுக் குத்திக் காட்டறதுக்குத்தானுங்களா இத்தாப் பெரிய திரை?”

“ஐயோ, அது மொய்யுங்க!” என்றார் அப்பா.

“பொய்யின்னுதானே நானும் படிச்சேன்?”

“பொய்யில்லீங்க, மொய்யி!”

“அப்ப நாங்க சொன்னது பொய்யில்லீன்னு இப்பத்தான் தெரிஞ்சுதுங்களா?”

அவருக்குப் பின்னால் இரண்டு வரிசைகள் எழுந்தன. மேடையில் கவிதாவின் முகம் வெளுத்தது. நான் கணினி மேசையருகே, தரை பிளக்காதா என்று ஏங்கி நின்றேன்.

அப்போது மாப்பிள்ளை, பாட்டுக் கச்சேரிக்காரரின் மைக்கை வாங்கினார். “திரையில போட்டிருக்குறது சரிதானுங்க. வண்டில எனக்குப் பாதிப் பங்குதான். பெரியப்பா பாசத்துல முழுசாச் சொல்லிப்போட்டாரு.”

கவிதா மைக்கைப் பறித்தாள். “எனக்குச் சமைக்கவே வராதுங்க. பொண்ணு பாக்க வந்தப்ப நான் சுட்டதுன்னு குடுத்த கச்சாயம் அக்கா சுட்டதுங்க.”

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். அந்த வெல்லக் கச்சாயத்தை அன்று கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர் அவர். “அத்தனையும் நீ சுட்டதா சாமி?”

“ஆமாங்க” என்றேன்.

“அப்ப உங்க பக்கமும் பொய்தான்!” என்று அவர் வயிறு குலுங்கச் சிரித்து, துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பின்னாலிருந்த இரண்டு வரிசைகளும் உட்கார்ந்தன. எல்லோரும் பந்திக்குப் போன நேரத்தில், திரைக்காரரிடம் அளவைக் கேட்டு, பையிலிருந்த மடிக்கணினியில் அதே அளவில் மறுபடி ஏற்றுமதி செய்து ஓடவிட்டேன். மகரத்தின் சுழி கம்மல்போல் மின்னியது. படிக்கத்தான் ஆளில்லை. என் கணவர் மட்டும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “இப்பப் பரவால்ல” என்றார்.

அன்று முதல் எங்கள் வீட்டில் பொய்க்குப் பெயர் மொய். யாராவது அளந்துவிட்டால் “மொய் தவிர்க்கவும்” என்று குரல் எழும். போன வாரம் கவிதாவின் மகள் பள்ளியிலிருந்து வந்ததும் என்னிடம் முறையிட்டாள்: “பெரியம்மா, பக்கத்துப் பையன் எப்பப் பாத்தாலும் மொய் சொல்றான்.”

மாணவர் ஏட்டில் ஒரு புள்ளி விடுபட்டாலும் சிவப்பு மையால் சுழிப்பவள் நான். அவளைத் திருத்தவில்லை.