சாய்தளத்தைத் திறந்து வைத்தது யார் என்பது குறித்து

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

தங்கள் கொழுந்தியாள் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் சகலையும் சுகம். அவர் இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை, அதனால் வீடு அமைதியாக இருக்கிறது. அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இந்த வரிவரை அத்தானாக வாசித்த தாங்கள், இனிமேல் பள்ளி நிர்வாகக் குழுச் செயலாளராக இருந்து வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் விழாவைக் கைப்பற்றிவிட்டதாகத் தலைமை ஆசிரியர் தங்களுக்குப் போன் செய்திருப்பார். நடந்தது என்னவென்றால், சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளின் வகுப்பில் உதவியாளர் பிரசவ விடுப்பில் போயிருக்கிறார், தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்று நீ சும்மாதானே இருக்கிறாய், போய் அவருக்குப் பதிலாகக் கூட உட்கார்ந்திருந்தால் போதும் என்று என்னை அனுப்பியது தாங்கள்தான். அங்கே உட்கார எனக்கு நாற்காலியே கிடையாது. எந்தப் பிள்ளைக்கு என்ன தேவை என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டேன். அன்பு தேவை என்றார். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, சொல்லுங்கள். ஒரு பையனுக்குச் சத்தம் ஆகாது என்பதைக்கூட, விழாவுக்காக மேளக்காரப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே ஒத்திகை பார்த்தபோதுதான் தெரிந்துகொண்டேன். அவன் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டான், கூப்பிட்டால் வரவில்லை, சரி என்று நானும் அடியில் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன், அந்த நேரம் பார்த்துத் தலைமை ஆசிரியர் உள்ளே வந்து, குனிந்து பார்த்து, ஏதாவது தொலைந்துவிட்டதா என்று விசாரித்தார்.

விழா எதற்கு என்றால் சாய்தளத்துக்கு. சக்கர நாற்காலியில் வரும் சிறுமி ஒருத்தி எங்கள் வகுப்பில் இருக்கிறாள். எல்லாரையும் எடைபோட்டுத் தீர்ப்புச் சொல்வதால் பிள்ளைகள் அவளை நீதிபதி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் சேர்ந்த அன்றே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றாள். அவளும் மற்றவர்களைப் போல முன்வாசல் வழியாக வர வேண்டும் என்றுதான் அந்தச் சாய்தளத்தைக் கட்டினார்கள். கட்டி முடித்து மாதக்கணக்காகிறது. ஆனால் திறப்பு விழா நடக்காததால் யாரும் ஏறக்கூடாதாம், ஏறினால் அது திறந்தது ஆகிவிடுமாம். அதனால் கயிறு கட்டி, அழகுக்காக நடுவில் பூந்தொட்டிகளும் வைத்திருந்தார்கள். அவள் பழையபடி துடைப்பமும் வாளியும் வைத்திருக்கும் பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான் போய் வந்தாள்.

விழா அன்று அந்தக் கதவையும் பூட்டி, அதன் முன்னால் மிச்ச நாற்காலிகளை அடுக்கிவிட்டார்கள். கல்வி அதிகாரி ரிப்பன் வெட்டியதும் முதலில் இவள் ஏற வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதிகாரி வந்தபாடில்லை. வெயிலோ மண்டையைப் பிளக்கிறது. வந்தவர்களெல்லாம் பந்தல் நிழலில் உட்கார்ந்திருக்க, போட்டோவில் முகம் நன்றாக விழ வேண்டும் என்று இவளை மட்டும் வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். தலைமை ஆசிரியர் அதிகாரி வரும்வரை கூட்டத்தைக் கலையவிடாமல் இருக்க, இந்தப் பிள்ளைகள் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாத காலம் வந்துவிட்டது என்று மைக்கில் பேசிக்கொண்டே இருந்தார். அப்போதுதான் அவள் என் கையைப் பிடித்து இழுத்து, "மிஸ், பாத்ரூம் போகணும். அவசரம்" என்றாள்.

பாத்ரூம் உள்ளே இருக்கிறது. நான் மேடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அவள் இருந்த இடத்துக்கே இறங்கி வந்தார்.

"கொஞ்சம் அடக்கிக்கச் சொல்லுங்கம்மா. சார் பக்கத்துல வந்துட்டாராம்."

"அத நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க சார்."

அவர் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்: "அடக்கிக்கறேன் சார். முடியலைன்னா போட்டோல தெரியும்."

அவர் வாசலைப் பார்த்தார். அத்தான், எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினேன், அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன், ரிப்பன் குறுக்கே வந்தது, கையால் இழுத்தேன், நைலான், அறுபடவில்லை, பக்கத்திலேயே தட்டில் கத்தரிக்கோல் இருந்தது, எடுத்து வெட்டிவிட்டேன். ரிப்பன் அறுந்தால் அடிக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்ததால் மேளக்காரப் பிள்ளைகள் அடித்துத் தீர்த்தார்கள். போட்டோக்காரர் எடுத்தார். பந்தலில் எல்லாரும் கை தட்டினார்கள். நாங்கள் உள்ளே போய்விட்டோம். கைப்பிடி இருப்பதால் பாத்ரூமில் அவளே பார்த்துக்கொள்வாள், நான் வெளியே நின்றேன். அந்தச் சமயத்தில்தான் அதிகாரி வந்திருக்கிறார். வேறு ரிப்பன் இல்லாததால் அறுந்ததையே முடிச்சுப் போட்டுக் கட்டி, முடிச்சுக்குப் பக்கத்தில் அவரை வெட்டச் சொன்னார்களாம். நாளிதழில் வந்திருப்பது என் படம். கையில் கத்தரிக்கோல், வாய் திறந்திருக்கிறது, பெயர் மட்டும் அதிகாரியுடையது. தங்கள் சகலை பேசாமலிருப்பதற்குக் காரணம் அந்தப் படம்தான்.

நான் மனதறிந்து எந்த விதியையும் மீறவில்லை. ஒரு பிள்ளையின் அவசரத்துக்கு முன்னால் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இதைத் தலைமை ஆசிரியரிடம் அடித்துச் சொல்லிவிட்டேன். ஆனாலும் மானத்தோடு இருந்தவள் நான், இந்தப் பேச்சு எனக்கு ஆகாது. திங்கட்கிழமை முதல் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் தழைத்திருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புக் கொழுந்தியாள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது நீதிபதி அவள் அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டாள். திங்கட்கிழமை வருவீர்களா என்று கேட்டாள். வயிறு சரியாகிவிட்டதா என்று கேட்டேன். வயிற்றுக்கு என்ன என்றாள். அன்றைக்கு அவசரம் என்றாயே என்றேன். "பாத்ரூம் எல்லாம் வரல மிஸ். அவங்க வெட்டறதுக்குக் காத்திருந்தா நாம எப்ப ஏறறது?" என்றாள். ஆகவே மேலே அவசரம் என்று வரும் இடங்களையெல்லாம் அடித்துவிட்டு வாசிக்கவும். தலைமை ஆசிரியருக்கு இது தெரிய வேண்டாம். திங்கட்கிழமை நான் போகிறேன், வேறு ஆள் பார்க்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.