கூண்டுக்குள் மெக்கானிக்

பட்டனின் முன்னங்கால்கள் கூண்டுக்குள் இருந்தன. பின்னங்கால்கள் ஹால் தரையை விட்டு அசைவதாக இல்லை. நடுவில் உடம்பு ரப்பர் மாதிரி நீண்டு, கூண்டின் கடைசி மூலையில் கிடந்த கோழித் துண்டை எட்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்டா கண்ணா..." தரையில் குப்புறப் படுத்தபடி கெஞ்சினார் லிஃப்ட் மெக்கானிக்.

நாக்கு துண்டைத் தொட்டது. துண்டு வாய்க்குள் போனது. அடுத்த நொடி ரப்பர் சுருங்கியது. முழுசாக வெளியே வந்துவிட்ட நாய்க்குட்டி, வாலை ஆட்டிக்கொண்டு அடுத்த துண்டுக்காக அவர் முகத்தைப் பார்த்தது.

"கோழி தீந்துபோச்சு," என்றாள் மனைவி, சமையலறை வாசலில் நின்றபடி. "நமக்கு வெச்சிருந்ததும் சேத்து."

பட்டன் அவருக்குக் கிடைத்த இடம் ஒரு லிஃப்ட்டின் அடிக்குழி. ஏதோ ஒரு அடுக்குமாடியில் லிஃப்ட் அழுகிறது என்று புகார் வந்தது. லிஃப்ட் முனகும், கிறீச்சிடும். அழுது அவர் கேட்டதில்லை. டார்ச்சோடு இறங்கிப் பார்த்தால், கிரீஸில் தோய்ந்து உள்ளங்கையளவு ஒரு உயிர். சட்டைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நெஞ்சோடு பட்டன் மாதிரி ஒட்டிக்கொண்டதால் அதுவே பெயரானது.

வளர வளரப் பட்டன் வீட்டைத் தின்ன ஆரம்பித்தது. அவர் வேலைக்கும், பிசியோதெரபிஸ்ட்டான மனைவி கிளினிக்குக்கும் கிளம்பியதும் அதற்குப் பந்தி தொடங்கிவிடும். செருப்பு, சோபாவின் ஓரம், சமையலறை அலமாரிக் கதவு. கடைசியில் ஃபிரிட்ஜ் ஒயர். நல்லவேளை, அன்றைக்குப் பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தார்கள்.

"நீங்க இல்லாத நேரத்துக்குக் கூண்டுல பழக்குங்க," என்றார் கால்நடை டாக்டர். "ஆனா பிடிச்சுத் தள்ளிக் கதவச் சாத்திடாதீங்க. அதுவா போகணும், அதுவா படுக்கணும். அதுவரைக்கும் கதவு தொறந்தே இருக்கட்டும்."

மனைவி கெடு வைத்தாள். "சனிக்கிழம சாயங்காலம் அண்ணன் வர்றாரு. அதுக்குள்ள இது கூண்டுல படுக்கலைன்னா அவரோட அனுப்பிடலாம். அங்க பெரிய தோட்டம் இருக்கு. ஒயர் இல்ல."

அவள் கல்நெஞ்சக்காரி அல்ல. ஒயரில் பல் பதிந்த தடத்தைப் பார்த்ததும் வீட்டிலிருந்த மற்ற பிளக்கையெல்லாம் பிடுங்கிப் போட்டவளே அவள்தான்.

கோழி தோற்றதும் மெக்கானிக் தன் பழைய யூனிஃபார்ம் சட்டையைக் கூண்டில் விரித்தார். தன் வாசனை இருந்தால் பயம் போகும் என்று கணக்கு. பட்டன் சட்டையைக் கவ்வி இழுத்துக்கொண்டு போய்ச் சோபாவில் போட்டு, அதன்மேல் படுத்துக் குறட்டை விட்டது.

ஒருவேளை கதவின் கிறீச் சத்தம்தான் பயமுறுத்துகிறதோ? கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும் எண்ணெய் விட்டார். தொழில்காரர் விட்ட எண்ணெய். ஊதினால் நகரும் அளவுக்குத் தாழ்ப்பாள் வழுக்கியது.

மறுநாள் சாயங்காலம் அவருக்கு அந்த யோசனை வந்தது. குட்டி வளர்ந்தாலும் இடம் போத வேண்டும் என்று பெரிய கூண்டாகத்தான் வாங்கியிருந்தார்கள். மடங்கி உட்கார்ந்தால் ஒரு ஆள் தாராளமாக இருக்கலாம். செருப்பைக் கழற்றினார், முட்டி போட்டார், உள்ளே போனார்.

"பாரு பட்டன்! ஜம்முனு இருக்கு! வா!"

பட்டனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. கூண்டைச் சுற்றிச் சுற்றி ஓடியது, குதித்தது, கதவின் மேல் மோதியது. கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள், அவர் கைவண்ணத்தில், வழுக்கிப்போய்ப் பூட்டிக்கொண்டது.

எத்தனையோ பேரை லிஃப்ட்டிலிருந்து மீட்ட கை அது. கம்பி வழியே அந்தக் கையை விட்டுப் பார்த்தார். விரல் நுனிக்கும் தாழ்ப்பாளுக்கும் ஒரு நகக்கண் தூரம். அந்நேரம் பார்த்துச் சட்டைப் பையில் போன் அடித்தது. கூட வேலை செய்யும் பையன்.

"அண்ணே, துணிக்கடை லிஃப்ட்ல ஒரு அம்மா மாட்டிக்கிட்டாங்க. அழறாங்க. நான் போய்ச் சேர்ற வரைக்கும் நீங்க பேசிட்டிருங்க. உங்க குரலக் கேட்டாத்தான் எல்லாரும் அடங்குவாங்க."

அது உண்மை. அவர் குரலுக்கு அப்படி ஒரு ராசி. லைனில் வந்த அம்மாளிடம், "பயப்படாதீங்கம்மா. காத்து நல்லா வரும். முதல்ல கீழ உக்காருங்க," என்றார்.

"உங்களுக்கென்னப்பா! வெளிய நின்னுக்கிட்டு ஈஸியா சொல்லிடுவீங்க!"

மெக்கானிக் கம்பிகளைப் பார்த்தார். "இல்லம்மா. நானும் உள்ளதான் மாட்டிக்கிட்டிருக்கேன்."

அழுகை சட்டென்று நின்றது. "ஐயையோ! எந்த மாடியில?"

"தரைத் தளம்தாம்மா."

"தனியாவா இருக்கீங்க?"

"தொணைக்கு ஒருத்தன் இருக்கான். வெளிய உக்காந்து என் கைய நக்கிட்டிருக்கான்."

அந்த அம்மாள் ஏன் என்று கேட்கவில்லை. பையன் துணிக்கடைக்குப் போய் லிஃப்ட் கதவைத் திறக்கும்வரை, பாதி நேரம் அவள்தான் இவருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மனைவி வந்து கூண்டைப் பார்த்தபோது கைப்பை நழுவிக் கீழே விழுந்தது. சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தாழ்ப்பாளை எடுத்துவிட்டு அவரை இழுத்தால், தலை வலது பக்கம் திரும்பினது திரும்பினபடி நின்றது. கழுத்துப் பிடிப்பு.

கழுத்தை நீவிவிட்டபடியே கேட்டாள். "உங்களுக்கு ஏங்க இவ்வளவு பிடிவாதம்?"

"குழியில கெடந்த புள்ளம்மா. அடைச்ச எடத்தப் பாத்தா அதுக்கு என்னென்ன தோணுமோ. நான் உள்ள போயிட்டுத் திரும்பி வர்றத தெனமும் பாத்தா, போனா வந்துடலாம்னு புரியும்ல?"

அவள் விரல்கள் ஒரு நிமிடம் நின்றன. மறுநாள் கிளினிக்கிலிருந்து கழுத்துக்கு இதமான தலையணை ஒன்றைக் கொண்டுவந்து, தானே கூண்டுக்குள் வைத்தாள்.

அதன்பின் இது தினசரி வழக்கமாயிற்று. வேலை முடிந்து வந்ததும் மெக்கானிக் கூண்டுக்குள் தலையணையில் சாய்ந்துகொள்வார், கால் இரண்டும் வெளியே. மனைவி கம்பி வழியே டீ நீட்டுவாள். பட்டன் வாசலில் காவல்காரன் மாதிரி உட்கார்ந்து அவரையே பார்க்கும். உள்ளே மட்டும் வராது.

ஏணி கேட்டு வந்த எதிர்வீட்டுக்காரர் கூண்டைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் மெல்ல. "அப்படி என்ன செஞ்சுட்டாரு?"

அந்த வாரம் வீட்டில் சேதம் எதுவும் இல்லை. கடிக்கிற சாமானெல்லாம் பரணுக்குப் போய்விட்டதால் என்று இருவரும் நினைத்தார்கள்.

சனிக்கிழமையும் வந்தது. பட்டன் தின்ற அலமாரிக் கதவை மாற்ற, நாளை நாளை என்று சொல்லிக்கொண்டிருந்த கார்பெண்டர் அன்றைக்குத்தான் வந்தார். காலையிலேயே சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு இருவரும் வேலைக்குப் போனார்கள்.

சாயங்காலம் திரும்பும்போது வாசலில் மச்சானின் கார் நின்றது. மூவரும் சேர்ந்தே வாசற்படி ஏறினார்கள். மச்சான் கையில் புத்தம் புது நாய்ச் சங்கிலி.

கதவைத் திறந்தார்கள். கூண்டுக்கு வெளியே நின்று வாலாட்டியது பட்டன்.

"இன்னிக்கும் வெளியதான் நிக்குது," என்றாள் மனைவி. கெடு வைத்தவள் அவள். கண் கலங்கியதும் அவளுக்குத்தான். "அவரு என்னதாங்க செய்வாரு அண்ணா? மனுஷன் செய்யக்கூடியதெல்லாம் செஞ்சுட்டாரு."

"ஒரே ஒரு தடவ, மச்சான்," என்றார் மெக்கானிக். செருப்பைக் கழற்றினார். கூண்டுக்குள் புகுந்து தலையணையில் தலை வைத்தார். "வாடா பட்டன். என் ராசால்ல? வந்து பக்கத்துல படு."

பட்டன் வாசலில் உட்கார்ந்து அன்போடு அவரைப் பார்த்தது.

மச்சான் கூண்டையும் கையிலிருந்த சங்கிலியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தங்கையின் காதருகே குனிந்தார். "சங்கிலி ஒண்ணுதான் கொண்டாந்தேன். இப்ப யாரக் கூட்டிட்டுப் போகணும்?"

சமையலறையிலிருந்து மரத்தூளைத் தட்டியபடி வந்த கார்பெண்டர், கூண்டுக்குள் கிடந்தவரைப் பார்த்ததும் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"ஓ, இதானா விஷயம்! காலையிலேர்ந்து அந்தத் தலகாணியில சுருண்டு தூங்கிட்டிருந்த குட்டி, படியில உங்க செருப்புச் சத்தம் கேட்டதும் ஏன் அடிச்சுப் புடிச்சு வெளிய வந்து நிக்குதுன்னு யோசிச்சேன். வீட்டுக்காரர் படுக்கிற எடம்னு மரியாதையா எழுந்து விடுது சார்!"