நூற்று முப்பத்து நான்கு சதவீதம்

எனக்குச் சரியான விடை தெரிந்திருந்தது. தெரிந்தும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளில் வாயைத் திறக்கவில்லை. அதனால் ஒருவர் ஓய்வு பெறும் வரை டைப்பிஸ்டாகவே இருந்தார். என் வீட்டில் இந்தக் கதையை நகைச்சுவையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்தது பாதிக் கதை. மீதிப் பாதியை இப்போது எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் ஒரு கல்லூரியில் கணித விரிவுரையாளர். எம்.எஸ்சி.யில் முதல் வகுப்பு. (இதைக் கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுவேன்.) மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஹார்ட்வேர் கடை மாடியில், ஞாயிறு காலை பதினொன்று முதல் ஒன்று வரை, ஒரு அரசு அலுவலக ஊழியர்களுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கும் வேலை வந்தது. அவர்களுக்குத் துறைத் தேர்வில் அது ஒரு தாள். புள்ளியியல் நான் படித்ததே இல்லை. கணிதத்தில் முதல் வகுப்பு வாங்கியவனுக்கு அது ஒரு தடையா? ஒரு கைடு வாங்கினேன். சனிக்கிழமை நான் படிப்பேன், ஞாயிற்றுக்கிழமை அவர்கள் படிப்பார்கள். எங்களுக்குள் இருந்த வித்தியாசம் ஒரு நாள்தான்.

இயல்நிலைப் பரவல் என்ற பாடம் வந்தது. ஒரு மணியைக் கவிழ்த்து வைத்தது போன்ற வளைவு. நடுவில் உயரம், இரு பக்கமும் சரிவு. அதன் அடியில் உள்ள மொத்தப் பரப்பு ஒன்று. நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் அரை, வலப்பக்கம் அரை. ஒரு பல்பு இத்தனை மணி நேரத்துக்குள் ஃப்யூஸ் போக என்ன வாய்ப்பு என்று கேட்டால், வளைவுக்கு அடியில் அந்த இடம் வரை உள்ள பரப்புதான் விடை. பரப்பைக் கண்டுபிடிக்க ஓர் அட்டவணை உண்டு. என் கைடில் இருந்த அட்டவணை நடுக்கோட்டிலிருந்து அளந்தது. அதைச் சைக்ளோஸ்டைல் செய்து எல்லோருக்கும் கொடுத்தேன். கூடவே நானே கட்டிய ஒரு பாட்டும்:

ஒரே பக்கம் என்றால் கழி,
இரு பக்கம் என்றால் கூட்டு,
வால் மட்டும் கேட்டால் அரையில் கழி,
வாலை வெட்டினால் அரையோடு கூட்டு.

இருபத்திரண்டு பேர் இதை உரக்கச் சொல்வார்கள். கீழே ஆணி வாங்க வந்தவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். படம் வரைவதை நான் தடை செய்திருந்தேன். "படம் போடறது ட்ராயிங் மாஸ்டர் வேலை. நமக்கு விடைதான் முக்கியம்" என்பேன். படம் வரைந்தால் எனக்குப் புரியாதது எனக்கே தெரிந்துவிடும் என்ற பயம் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரே ஒருவர் மட்டும் தடையை மீறினார். எஸ்தர் அம்மா. சிட்லபாக்கத்திலிருந்து வருவார். காலை ஆராதனை முடிந்து நேராக வகுப்புக்கு வருவதால் பையில் பைபிளும் புள்ளியியல் நோட்டும் ஒன்றாக இருக்கும். நாற்பத்து நான்கு வயது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் "சார்" என்றுதான் கூப்பிடுவார். அந்தத் தேர்வை எழுத நாற்பத்தைந்து வயது வரைதான் அனுமதி. இதுதான் அவருக்குக் கடைசி வாய்ப்பு.

"ஆபீசர் ஆகணும்னெல்லாம் ஆசை இல்ல சார். அந்த மெஷின்லேர்ந்து எந்திரிக்கணும், அவ்வளவுதான்" என்று ஒரு நாள் விரல்களைக் காட்டினார். இருபது வருடத் தட்டச்சில் மூட்டுகள் வீங்கியிருந்தன. அந்த விரல்களால்தான் ஒவ்வொரு கணக்குக்கும் பென்சிலால் ஒரு மணி வரைந்து, தேவையான பகுதியை மெல்லத் தீட்டுவார்.

"என்னம்மா, சர்ச் மணிய இங்கேயும் கொண்டு வந்துட்டீங்களா?" என்று கேட்பேன். வகுப்பு சிரிக்கும். அவரும் சிரிப்பார்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவர் ஒரு தாளை நீட்டினார்.

"சார், போன வருஷம் எழுதினவர் குடுத்தார். ஹால்ல இந்த டேபிள்தான் தருவாங்களாம். இதுல மொத நம்பரே அரையில ஆரம்பிக்குது. நம்மளோடது சைபர்ல ஆரம்பிக்குதே?"

வாங்கிப் பார்த்தேன். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. இருபத்திரண்டு ஜோடிக் கண்கள் என் மேல் இருந்தன. "அச்சுப்பிழை" என்றேன்.

"பக்கம் முழுக்கவா சார்?" என்றார் பின் வரிசையில் இருந்த தனசேகர். பல்லாவரத்துக்காரர், அதே அலுவலகத்தில் ரெக்கார்டு கிளார்க்.

எஸ்தர் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இல்ல சார், படம் போட்டுப் பார்த்தேன். இடது பக்கப் பாதிய முன்னாடியே சேர்த்துக் குடுத்திருக்காங்க போல. பீச்சுலேர்ந்து ஸ்டேஷன எண்ணினா ஒரு நம்பர் வரும், கிண்டிலேர்ந்து எண்ணினா வேற நம்பர் வரும். தாம்பரம் இருக்கிற எடத்துலதானே இருக்கு?"

இதைவிட எளிதாக இந்தப் பாடத்தை விளக்க இன்றுவரை என்னால் முடிந்ததில்லை. அன்று நான் சொன்ன பதில் இது:

"எம்.எஸ்சி. படிச்சது நீங்களா, நானா?"

சொன்னதோடு நிற்கவில்லை. அந்தத் தாளை நான்காகக் கிழித்து மேசை மேல் போட்டேன். யாரும் சிரிக்கவில்லை. எஸ்தர் அம்மா எழுந்து வந்து நான்கு துண்டுகளையும் பொறுக்கினார். "இது இன்னொருத்தரோடது சார்" என்றார்.

மத்தியானம் வீட்டுக்குப் போனதும் அலமாரியிலிருந்த தடிமனான பாடப்புத்தகத்தை எடுத்தேன். வாங்கியதிலிருந்து திறக்கப்படாத புத்தகம். அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. இரண்டு விதமாகவும் அட்டவணை போடுவது வழக்கம், எது என்று பார்த்துப் பயன்படுத்துக என்று. எஸ்தர் அம்மா சொன்னதேதான். ரயில் மட்டும் இல்லை. மூன்று முறை படித்தேன். பிறகு சாப்பிடப் போனேன். அன்று சாம்பார் ருசியாக இருந்தது. இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டேன். இது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதன் பிறகு இரண்டு வகுப்புகள் இருந்தன. "போன வாரம் நான் சொன்னது தப்பு" என்று ஒரு வரி போதும். அந்த வரியை மாடிப்படி ஏறும்போதெல்லாம் மனப்பாடம் செய்தேன். மேலே போனதும் பாட்டைச் சொல்லச் சொன்னேன். போன வருடம் அந்த அட்டவணை என்றால் இந்த வருடமும் அதுவாகவே இருக்க என்ன கட்டாயம்? ஐந்து சதவீத வாய்ப்பு இருக்கும் என்று முடிவு கட்டினேன். எந்த அட்டவணையையும் பார்க்காமல் நானாகக் கண்டுபிடித்த ஒரே நிகழ்தகவு அதுதான். அதுவும் தப்பு.

தேர்வு முடிந்த ஞாயிறு எல்லோரும் கேள்வித்தாளோடு வந்தார்கள்.

"சார், பல்பு கணக்குக்கு 1.3413 வந்துச்சு. எல்லாருக்கும் அதான் வந்துகீது. கரீட்டா?" என்று கேட்டார் தனசேகர்.

அவர்கள் அத்தனை பேரும் ஒரே விடையில் ஒத்துப்போனது அந்த ஒரு முறைதான். ஹாலில் கொடுத்தது அரையில் ஆரம்பிக்கும் அட்டவணை. அதில் 0.8413 என்று விடை நேராகவே இருந்தது. என் பாட்டை நம்பி அதன் மேல் இன்னொரு அரையைக் கூட்டியிருக்கிறார்கள். நிகழ்தகவு ஒன்றைத் தாண்டாது என்பது முதல் நாள் பாடம். அதை நடத்தியதும் நான்தான்.

"அப்ப நூத்துக்கு நூத்தி முப்பத்தி நாலு! இன்னா சார் அர்த்தம்? பல்பு ஃப்யூஸ் போயி, அப்பால எந்திரிச்சு வந்து இன்னொரு தபா ஃப்யூஸ் போவுமா?" என்று தனசேகரே தொடர்ந்தார்.

மாடி அதிர்ந்தது. "எனக்கு வால் கணக்குல மைனஸ் வந்துச்சு சார், பார்க்க அசிங்கமா இருந்துச்சுன்னு மைனஸ அழிச்சிட்டேன்" என்றார் இன்னொருவர். மறுபடியும் சிரிப்பு. எஸ்தர் அம்மா மட்டும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"நீங்க என்னம்மா எழுதினீங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மொதல்ல 0.8413ன்னுதான் எழுதினேன். படம் அப்படித்தான் காட்டுச்சு. அப்புறம் நீங்க அவ்வளவு உறுதியா சொன்னீங்களேன்னு அடிச்சிட்டு, அரையக் கூட்டினேன் சார்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "தப்பான டேபிளைக் குடுத்துட்டாங்க. நான் புகார் எழுதறேன்" என்றேன். எழுதவில்லை. நாற்பது மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. எஸ்தர் அம்மாவுக்கு முப்பத்தாறு.

மற்றவர்களுக்கு வயது இருந்தது. அடுத்த ஆண்டு அவர்கள் என்னிடம் வரவில்லை. சிட்லபாக்கத்தில் எஸ்தர் அம்மா வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, அவர் வரைந்த மணிகளைப் பார்த்துப் படித்துத் தேறினார்கள். தனசேகர் பின்னாளில் அவருக்கே மேலதிகாரி ஆனார். தாம்பரம் ஸ்டேஷனில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "சார், வண்டி வருமா? நூத்தி முப்பத்தி நாலு பர்சன்ட்டா?" என்று கத்துவார். ஒரு முறை என் மகள் கூட இருந்தாள். அப்படித்தான் அந்த எண் எங்கள் வீட்டுக்குள் வந்தது. நான் எதையாவது அடித்துச் சொன்னால், "எத்தனை சதவீதம்பா?" என்பாள். மனைவி உள்ளேயிருந்து எண்ணைச் சொல்வாள். அப்பா ஏதோ அசட்டுத்தனமாகத் தப்பு செய்துவிட்டார் என்பதுதான் அவர்கள் அறிந்தது.

எஸ்தர் அம்மாவும் அப்படித்தான் நினைத்தார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் வீட்டிலிருந்து எங்களுக்கு ஒரு பிளம் கேக் வரும். பன்னிரண்டு வருடம் வந்தது. நான் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, தண்ணீர் குடித்து விழுங்குவேன்.

பன்னிரண்டாம் வருடம் கேக் வந்து சில நாட்களில், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகள் ஓர் அட்டவணையைக் கொண்டுவந்தாள். "அப்பா, இது அரையில ஆரம்பிக்குதே, தப்பா?"

"ரெண்டும் சரிதான்மா. படம் போட்டுப் பாரு, புரியும்" என்றேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிடத்தை நான் அன்று கொடுத்திருக்கலாம். சட்டையை மாட்டிக்கொண்டு சிட்லபாக்கம் போனேன்.

எஸ்தர் அம்மா காப்பி கொண்டுவந்தார். விரல்கள் மடங்காததால் டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே பிடித்திருந்தார். மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றேன்.

"பழைய கதைய விடுங்க சார். தெரியாம சொல்லிட்டீங்க. எல்லாருக்கும் நடக்கிறதுதான்."

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். "தெரியும். நீங்க சொன்னதுதான் சரின்னு அன்னிக்கு மத்தியானமே தெரியும்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "ரெண்டு கிளாஸ் இருந்துச்சே சார்" என்றார்.

நான் உங்கள் அலுவலகத்துக்கு எழுதுகிறேன், குற்றம் என்னுடையது என்று சொல்லி இன்னொரு வாய்ப்புக் கேட்கிறேன் என்று ஏதேதோ பேசினேன். "எழுதுங்க" என்றார். "தெரியாம செஞ்சீங்கன்னு நெனச்சுக்கிட்டு நிம்மதியா இருந்தேன் சார். இப்ப அதுவும் போச்சு." வாசல் வரை வந்து வழியனுப்பினார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

எழுதினேன், இரண்டு பக்கம். ஒன்றையும் மறைக்கவில்லை. ஒரு மாதத்தில் பதில் வந்தது: வயது வரம்பைத் தளர்த்த விதிகளில் இடமில்லை. கையெழுத்து யாருடையது என்று படிக்க முடியவில்லை. இடது ஓரத்தில், அடியில், தட்டச்சு செய்தவரின் முதலெழுத்துகள் இருந்தன. எ.ஜே. எஸ்தர் ஜேக்கப். நான்கு வரியில் ஒரு பிழைகூட இல்லை.

அடுத்து வந்த கிறிஸ்துமஸுக்குக் கேக் வரவில்லை. அதற்கு அடுத்த வருடமும் வரவில்லை. ஏன் என்று வீட்டில் கேட்டார்கள். தெரியாது என்றேன். இப்போது டிசம்பர் வந்தால் பேரப்பிள்ளைகள்கூடக் கேட்கிறார்கள், "தாத்தா, இந்த வருஷமாவது கேக் வருமா?" என்று. நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொல்லிவிடுவாள்: "வரும், வரும். நூத்தி முப்பத்தி நாலு சதவீதம்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான்.