ரெண்டு கார்டு மாப்பிள்ளை

நன்றாக ஓடுகிற வண்டியை நிறுத்தி, எப்படி ஓடுகிறது என்று பிரித்துப் பார்க்கிற ஆண்பிள்ளைகளை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது சின்ன ரகம். நான் சொல்ல வந்தது அதற்கு அண்ணன் ரகம். ஒன்றே போதும் என்கிற இடத்தில் இரண்டை வைத்துக்கொண்டு, இரண்டும் ஒத்துப்போகவில்லையே என்று ஊரெல்லாம் நியாயம் கேட்கிறவர்கள். பெண்டாட்டி விஷயம் இல்லை, முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். கம்ப்யூட்டர் விஷயம்.

இந்த ரகத்தில் ஒருவரைத் தேடிப் பிடித்து மாப்பிள்ளையாக்கியவள் நான். குடிப்பாரா, சீட்டாடுவாரா என்று நாலு பேரிடம் விசாரித்தேன். லினக்ஸ் உண்டா என்றும் கேட்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அவர் கம்ப்யூட்டரில் படம் காட்டுகிற கார்டு இரண்டு. ஒன்று புதுசு. என் மகள் வீட்டு பிளான் வரைகிற பெரிய திரை அதில்தான் ஓடுகிறது. இன்னொன்று பதினோரு வருஷப் பழசு. கார்டு சொல்வது கம்ப்யூட்டருக்குப் புரிய நடுவில் டிரைவர் என்று ஒன்றைப் போட வேண்டுமாம். புதுசுக்குப் புது டிரைவர்தான் ஆகும், பழசுக்குப் பழைய டிரைவர்தான் ஆகும், அவர் கம்ப்யூட்டரை ஆட்டிவைக்கிற லினக்ஸோ இரண்டில் ஒன்றைத்தான் உள்ளே விடும். புதியதைப் போட்டால் பழைய கார்டு படுத்துவிடும். பழையதைப் போட்டால் புது கார்டு கண்ணை மூடிக்கொள்ளும். எனக்கே ஒரு தடவை சொன்னதில் விளங்கிவிட்டது. அவருக்கு மூன்று வருஷமாக விளங்கவில்லை.

சரி, அந்தப் பழைய கார்டு ஓடிய காலத்தில் என்னதான் செய்தது? மூலையில் இருக்கிற ஒரு குட்டித் திரையை ஓட்டியது. அந்தக் குட்டித் திரையில் என்ன தெரிந்தது? இரண்டு கார்டும் எவ்வளவு சூடாக இருக்கின்றன என்று தெரிந்தது. அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை மகளுக்கு முக்கியமான நாள். சாயங்காலம் நாலு மணிக்குள் கான்ட்ராக்டருக்கு பிளான் போயாக வேண்டும், இல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. அதுவரை குளியலறை, மாடிப்படி, சுற்றுச்சுவர் என்று துண்டு துக்காணி வேலையாகக் கொடுத்தவர்கள், முதல் தடவையாக ஒரு முழு வீட்டை அவள் கையில் கொடுத்திருந்தார்கள். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் இவர் நாற்காலியில் உட்கார்ந்து பழைய டிரைவரைப் போட்டுவிட்டார். பெரிய திரை இருண்டுவிட்டது.

"என்னங்க பண்ணீங்க?"

"ஒண்ணுமில்ல. அஞ்சு நிமிஷம்."

"ரெண்டு ஜன்னல்தான் பாக்கி. போட்டு அனுப்பிடுவேன்."

"அனுப்பலாம். ஒரே ஒரு ரீஸ்டார்ட்."

மத்தியானச் சாப்பாட்டுக்குள் அந்த ஒரே ஒரு ரீஸ்டார்ட்டை நான் பதினாலு தடவை எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து கொட்டும். இவர் தன்னைப் புகழ்ந்து யாரோ எழுதியதைப் படிக்கிறவர் மாதிரி மெதுவாகத் தலையாட்டுவார். பிறகு தட்டுவார். பிறகு அணைப்பார். பிறகு "அஞ்சு நிமிஷம்" என்பார்.

"பழசைக் கழட்டிட்டுப் புது டிரைவரைப் போடுங்களேன். பத்து நிமிஷ வேலை," என்றாள் மகள்.

"கழட்டறது தீர்வு இல்ல. தப்பிச்சு ஓடறது."

எனக்குப் பொறுக்கவில்லை. "மாப்பிள்ளை, அது என்ன உங்ககூடப் பொறந்ததா?"

"அது என் முதல் சம்பளத்துல வாங்கினது, அத்தை."

"முதல் சம்பளத்துல செருப்பும்தான் வாங்கியிருப்பீங்க. ஒரு கால்ல புதுசு, ஒரு கால்ல அதுன்னு மாட்டிக்கிட்டா ஆபீஸ் போறீங்க?"

மாப்பிள்ளை போனை எடுத்துப் பார்த்தார். போனில், இதே ரகத்தைச் சேர்ந்த எவரோ ஒருவருக்கு எழுதிக் கேட்டிருந்தார். பதில் வந்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வழி சொன்னாராங்க?" என்றாள் மகள்.

"இல்ல. அவருக்கும் ஓடலையாம்."

அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

இரண்டரை மணிக்கு, ஒருவேளை வயரில் கோளாறோ என்று சொல்லி, வயர் வாங்கக் கடைக்குக் கிளம்பினார். கதவு சாத்தியதும் நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

"இதுல எதுடி பழசு?"

"வேணாம்மா. கோவிச்சுப்பார்."

"கோவிச்சுக்கட்டும். கான்ட்ராக்டர் கோவிச்சுக்கிட்டா வீடு போயிடும், இவர் கோவிச்சுக்கிட்டா ஒருவேளைச் சாப்பாடு மிச்சம்."

பிளக்கைப் பிடுங்கிவிட்டு கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தோம். ஒரே ஒரு திருகாணி. கார்டு மேல் தலையணைக்கு அடைக்கிற அளவுக்குத் தூசி. நான் கழற்றினேன், அவள் மறுபடி பிளக்கை மாட்டி, புது டிரைவருக்காக எதையோ இரண்டு வரி தட்டினாள். திரை விழித்துக்கொண்டது. இரண்டு ஜன்னல் குறைந்த வீடு அப்படியே நின்றது. மூன்று ஐம்பத்திரண்டுக்கு பிளான் போய்ச் சேர்ந்தது. கான்ட்ராக்டர் இரண்டாவது வீட்டையும் கொடுத்துவிட்டார்.

மாப்பிள்ளை வயரோடு வந்து திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பெட்டியை மட்டும் பார்க்கவில்லை.

"பாத்தீங்களா அத்தை? காலையில நான் போட்டது இப்பத்தான் செட் ஆயிருக்கு. பொறுமை வேணும்."

"வேணும் மாப்பிள்ளை, நிறைய வேணும்," என்றேன்.

இன்றைக்கும் சனிக்கிழமை. குட்டித் திரையை உயிர்ப்பிக்க உட்கார்ந்திருக்கிறார். பழைய கார்டே இல்லை என்று லினக்ஸ் சொல்கிறதாம். லினக்ஸ் பொய் சொல்கிறது என்று அந்த இன்னொருவருக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். மகள் இந்தத் தடவை வெள்ளிக்கிழமையே வேலையை அனுப்பிவிட்டாள்.

கார்டு எங்கே என்கிறீர்களா? குப்பையில் போடத்தான் எடுத்துப் போனேன். நல்ல சாமானாயிற்றே, முதல் சம்பளத்தில் வாங்கியதாயிற்றே என்று என் அலமாரி இழுப்பறையைத் திறந்தேன். அதில் என் வீட்டுக்காரர் விட்டுப்போன மூக்குக் கண்ணாடி மூன்று, வாய் திறந்து ஒன்பது வருஷமான ரேடியோ, எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத சாவிக்கொத்து. இடமே இல்லை. ரேடியோவைக் கொஞ்சம் நகர்த்தி இடம் பண்ணினேன்.

சிரிப்பு வருகிறதா? முதலில் போய் உங்கள் இழுப்பறையைத் திறந்து, எந்தப் போனுக்கு என்றே தெரியாத சார்ஜர் எத்தனை கிடக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். சேர்ந்தே சிரிப்போம்.