மூன்றாம் பெட்டி

சிவப்பு மையில் கோடு போட்டு, அழகான கையெழுத்தில் எழுதிய பட்டியலை யாரும் சந்தேகப்படுவதில்லை. எழுதியவளே சந்தேகப்படாமல் போய்விடுவதுதான் அதிலுள்ள ஆபத்து. இருபத்திரண்டு வயதில் அப்படி ஒரு பட்டியலின் மானத்தைக் காப்பாற்றுவதற்காக, ஒரு கலியாணச் சேலை, ஒரு குருவானவரின் அங்கி, இருபது வட்டுக் கருப்பட்டி ஆகியவற்றை ஆப்பிரிக்காக் கரையில் ஒன்றாகப் போட்டு அவித்தேன். (வரிசைப்படிதான் சொல்லியிருக்கிறேன். பழக்கம் போகவில்லை.)

அப்போது நான் பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். மருந்தை நிறுத்து, கலக்கி, புட்டியில் ஊற்றிச் சீட்டு ஒட்டும் வேலை. அந்த வேலை என் புத்தியையும் புட்டி புட்டியாக அடுக்கி விட்டிருந்தது. சலவைக்கு ஒரு பட்டியல், ஜெபிக்க வேண்டியவர்களுக்கு ஒரு பட்டியல். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களுக்கும் ஒன்று வைத்திருந்தேன். என் வாழ்க்கையில் அடித்தல் விழுந்த பட்டியல் அது ஒன்றுதான். எல்லாப் பெயரையும் அடித்திருந்தேன்.

நேட்டாலுக்குப் போகும் ஊழியப் பயணத்தில் என்னைச் சேர்த்ததும் இந்தப் பட்டியல் புகழால்தான். எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் அங்கே நிறையப் பேர் தங்கிவிட்டார்கள். அவர்களைப் போய்ப் பார்ப்பது, ஆராதனை நடத்துவது, இங்குள்ள ஞானஸ்நானப் பதிவேட்டின் நகலை வைத்து அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அவர்கள் இன்ன ஊர், இன்னார் வழி என்று காட்டிக் கொடுப்பது என்று சபையில் தீர்மானித்தார்கள். போனவர்கள் நால்வர்: ஐயர் (எங்கள் பக்கம் குருவானவரை அப்படித்தான் அழைப்போம்), அவர் மனைவியாகிய ஐயரம்மா, சாமுவேல் உபதேசியார், மருந்துக்கும் பெட்டிகளுக்கும் பொறுப்பாக நான்.

ஐயருக்குக் கோபம் வராது. வரவேண்டிய இடத்தில், "ஜெபம் பண்ணுவோம்" என்பார். அதற்குக் கோபமே தேவலை.

புறப்படும் வாரத்தில் உடன்குடிப் பக்கத்து ஊரிலிருந்து செல்லத்தாய் பெரியம்மை என்னைத் தேடி வந்தார். உறவில்லை, வயதுக்காகப் பெரியம்மை. அவருடைய ஒரே தங்கை தங்கம், புருஷனோடு நேட்டாலுக்குப் போய்ப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. அங்கேயே பிறந்த மகள் கிரேஸுக்கு, ஐயர் வந்ததும் அவர் கையாலேயே கலியாணம் என்று கடிதம் வந்திருந்தது.

பெரியம்மை ஒரு வெள்ளைச் சேலையை என் மடியில் விரித்தார். ஓரம் முழுக்க அவரே பின்னிய லேஸ். இரண்டு வருட வேலை. பிறகு ஓலைப்பெட்டி ஒன்றை வைத்தார்.

"சேல கிரேஸுக்கு. இது அவ அம்மைக்கு. சின்னதுல பானைக்குள்ள கைய விட்டுக் கருப்பட்டியக் களவெடுத்துத் திம்பா. அடி வாங்குதது நான்."

"ரெண்டையும் பத்திரமாக் கொண்டு போறேன் பெரியம்மை."

"பத்திரம் மட்டும் போதுமா? அவ கையிலயே குடுக்கணும். நான் இனி எங்கன போயி அவளப் பாக்கப் போறேன்."

தங்கத்தின் கையிலேயே கொடுப்பதாகச் சொன்னேன். நான் கொடுத்த வாக்கு அது ஒன்றுதான்.

பெட்டிகள் மொத்தம் ஆறு. தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று இரண்டு பட்டியல் எழுதினேன். மூன்றாம் பெட்டி: துணிகள் மட்டும். ஐந்தாம் பெட்டி: தின்பண்டங்கள். ஐயரம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஏளா ஞானம், இதச் சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டலாம்" என்றார். அவர் கேலி செய்ததை நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

கொழும்பில் கப்பல் மாறிய நான்காம் நாள், ஐந்தாம் பெட்டிக்குள் எறும்பு புகுந்துவிட்டது. மற்ற மூவரும் தலைசுற்றலில் படுத்திருந்தார்கள். மூன்றாம் பெட்டி தகரப் பெட்டி, மூடி இறுக்கமானது. கருப்பட்டியை ஓலையோடு எடுத்து அதற்குள், ஐயரின் வெள்ளை அங்கிக்கும் கலியாணச் சேலைக்கும் நடுவே, அலையில் உருளாதபடி பொதிந்து வைத்தேன். அது புத்திசாலித்தனம்தான்; இன்றும் சொல்வேன். பட்டியலில் அதைக் குறிக்காமல் விட்டதுதான் கேடு. குறிக்க வேண்டுமென்றால் இரண்டு இடத்தில் அடிக்க வேண்டும். இரண்டு மொழிக்கும் சேர்த்து நான்கு. கரை சேர்ந்ததும் கருப்பட்டியைத் திரும்ப ஐந்தாம் பெட்டிக்கு மாற்றிவிட்டால் பட்டியல் தானாகவே சரியாகிவிடும் என்று வைத்துக்கொண்டேன். அதன் பிறகு தலைசுற்றல் என்னையும் பிடித்தது. கருப்பட்டி நினைவிலிருந்தே போய்விட்டது.

டர்பன் துறைமுகத்தில், கொள்ளைநோய்க்குப் பயந்து, இந்தியாவிலிருந்து வருகிறவர்களின் துணிகளை எல்லாம் பெரிய இரும்புப் பீப்பாய் போன்ற ஒன்றுக்குள் வைத்து நீராவியில் அவித்தார்கள். ஐயரம்மாவுக்குப் பயம். நான் இதைப் படித்தவள் அல்லவா?

"துணிக்கு ஒண்ணும் ஆகாதும்மா. ஆஸ்பத்திரியில நாங்களும் இப்படித்தான் செய்யுதோம். கிருமி மட்டும்தான் சாகும்."

மேசைக்குப் பின்னாலிருந்த வெள்ளைக்கார அதிகாரி என் பட்டியலை வாங்கிப் படித்தார். மறுபடியும் படித்தார். பக்கத்து மேசைக்காரரிடம் காட்டி, எல்லோரும் இப்படி எழுதிக்கொண்டு வந்தால் நம் வேலை பாதியாகிவிடும் என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"மூன்றாம் பெட்டி துணி மட்டும்தானே?"

"துணி மட்டும்தான்."

சொல்லி முடித்த கணத்தில் கருப்பட்டி நினைவுக்கு வந்தது.

இதுதான் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய இடம். மறதி என்றுதான் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது மறதி இல்லை. பெட்டி தள்ளுவண்டியில் ஏறி, இருபது அடி தூரம் போய், பீப்பாயின் கதவு திறந்து, உள்ளே நுழைந்து, கதவு மூடும் வரை எனக்கு நேரம் இருந்தது. பட்டியல் தப்பு என்று சொன்னால் போதும். அவ்வளவு மெச்சிய மனிதரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. இருமினேன். அவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

"என்னளா, முகம் வெளுத்துப் போச்சு?" என்றார் ஐயரம்மா.

"வெயிலும்மா."

வானம் மப்பாக இருந்தது.

பெட்டிகளைத் திருப்பித் தந்ததும் தோட்டத்துக்கு ரயிலேறினோம். ஜன்னலுக்கு வெளியே கரும்பு, கரும்பு, கரும்பு. கொஞ்ச நேரத்தில் உபதேசியார் மூக்கை உறிஞ்சினார்.

"ஐயரே, எனக்கு ஊர் நெனப்பு ரொம்ப வந்துட்டு. மூக்குலயே அடிக்குது."

"என்ன வாசம்?" என்றார் ஐயர்.

"சொன்னாச் சிரிப்பிய. கருப்பட்டிக் காப்பி."

ஐயர் யோசித்தார். "எனக்கும் அடிக்குது" என்றார் மெதுவாக. இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஐயரம்மா மட்டும் மூன்றாம் பெட்டியின் மூலையிலிருந்து ரயில் தரையில் ஊர்ந்துவந்த பழுப்புக் கோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

தோட்டத்தின் தகரக் கூரைக் கோயிலில் எங்களுக்காக ஐம்பது அறுபது பேர் காத்திருந்தார்கள். தங்கம் சித்தியை அடையாளம் காட்ட யாரும் தேவைப்படவில்லை. செல்லத்தாய் பெரியம்மையின் முகத்தைக் கொஞ்சம் மெலிய வைத்ததுபோல் இருந்தார். பக்கத்தில் கிரேஸ். கலியாணம் நாளை மறுநாள்.

"அக்கா சேல குடுத்துவிட்டிருக்கான்னு காயிதம் வந்துது" என்றார் சித்தி.

பெட்டியைத் திறந்தேன். அடியில் பாகு. அதற்குமேல் ஐயரின் அங்கி, செவலை நிறத்தில். மேலே சேலை, லேஸின் ஒவ்வொரு கண்ணிலும் பாகு கோத்து, ஓலைத் துணுக்கு ஒட்டி, இன்னும் வெதுவெதுப்பாக.

"ஜெபம் பண்ணுவோம்" என்றார் ஐயர்.

ஆமென் சொன்னதும், அந்த வெள்ளைக்காரன் அவித்துவிட்டான் என்று எல்லோரும் துறைமுக அதிகாரியைத் திட்டினார்கள். பாவம், அவர் என்னை நம்பியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. நான் வாயைத் திறக்காமல் மருந்துப் பெட்டியைத் திறந்தேன். அதில் வெளுக்கும் தூள் இருந்தது. சேலையில் போடுமுன் வேறு துணியில் பரீட்சை செய்ய வேண்டும் என்பது படிப்பு. வேறு துணி ஐயரின் அங்கி. அளவு கூடிப்போயிற்று. அங்கியின் முதுகில் ஒரு முறம் அளவுக்கு வெள்ளைத் திட்டு விழுந்து, ஓரம் இற்றும் போனது. (மருந்தை ஓர் அரிசி எடைகூடப் பிசகாமல் நிறுத்துக் கொடுக்கும் கம்பவுண்டர் நான்.)

ஐயரம்மா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "செவலக் காளைக்கு நெத்தியில வெள்ள இருக்கும். ஒங்க ஐயருக்கு முதுகுல" என்றார்.

அப்போதும் நான் தூளைக் கையில் வைத்துக்கொண்டு சேலையைத் தேடினேன். தங்கம் சித்தி அதை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போயிருந்தார். ஒரு கல்லில் உட்கார்ந்து, முகத்தைச் சேலைக்குள் புதைத்திருந்தார். அழுகிறார் என்று நினைத்து நின்றேன். நிமிர்ந்தபோது உதட்டிலும் மூக்கு நுனியிலும் பாகு. கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது.

"சித்தி, இது வெள்ளைக்காரன் தப்பில்ல" என்றேன். "கருப்பட்டி உள்ள இருக்குன்னு எனக்குத் தெரியும். கதவு மூடுததுக்கு முந்தியே நெனப்பு வந்துட்டு. பட்டியல் தப்புன்னு சொல்ல வெக்கப்பட்டு நின்னுட்டேன்."

அவர் சேலையின் ஒரு முனையை விரலில் சுற்றினார்.

"அக்கா குடுக்கையில என்ன சொன்னா?"

"ரெண்டையும் ஒங்க கையில குடுக்கச் சொன்னாவ."

"ரெண்டும்தான் வந்திருக்கு. தனித்தனியா வரணும்னு நீ நெனச்சிருக்க, அவ்வளவுதான்." பிறகு சுற்றிலும் இருந்த கரும்பைக் கையால் காட்டினார். "இங்கன சீனிக்கு என்ன பஞ்சம்? பதினெட்டு வருசமா அள்ளித் திங்கோம். ஏளா, சீனிக்கு வாசம் உண்டா?"

நான் தூளை நீட்டினேன். "பைய, கொஞ்சமாப் போட்டா வெளுத்துரும்."

"அத அங்கிட்டு வையி. ஐயரு முதுகப் பாத்தேன்."

சேலையை வெறும் தண்ணீரில்தான் அலசினார்கள். முதல் தண்ணீரைக் கொட்டப் போனபோது ஒருத்தி பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டாள். கிருமி இருக்குமா என்று என்னைக் கேட்டார்கள். ஒரு கிருமியும் உயிரோடு இருக்க வாய்ப்பில்லை என்று நான் சான்று கொடுத்தேன். அந்தப் பயணத்தில் என் படிப்பு உதவியது அங்கேதான். சுக்குத் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்தார்கள். பெரியவர்கள் ஆவியை மோந்துகொண்டே மெல்லக் குடித்தார்கள். ஊரைப் பார்த்தே இராத பிள்ளைகள் மட்டும் இன்னும் கேட்டார்கள்.

ஐயர் ஒரு மிடறு குடித்துவிட்டு, "நல்ல கருப்பட்டி" என்றார்.

"நல்ல அங்கி" என்றார் ஐயரம்மா.

எத்தனை அலசியும் சேலை வெள்ளையாகவில்லை; இளநீர் மட்டையின் உள்பக்கம்போல் ஒரு நிறத்தில் நின்றுவிட்டது. மணமகள் வெள்ளைதான் உடுத்த வேண்டும் என்பதில் ஐயர் கண்டிப்பானவர். ஆனால் அன்று தானும் செவலையில் நின்றதால், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிரேஸ் அந்தச் சேலையில் கோயிலுக்குள் நடந்து வந்தபோது, இருபுறமும் இருந்த பெண்கள் அவள் கடந்ததும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். ஆசீர்வாதம் கூறக் கையை உயர்த்தியபோது ஐயரின் முதுகுத் திட்டு கிழிந்தது. அவர் முகம் சபையைப் பார்த்திருந்ததால், அதைப் பின்னால் நின்ற உபதேசியாரும் நானும் மட்டும் பார்த்தோம்.

ஊர் திரும்பிய வாரமே செல்லத்தாய் பெரியம்மையைப் பார்க்கப் போனேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வதென்று ஒரு பட்டியல் தயாரித்திருந்தேன்.

"கருப்பட்டி குடுத்தியா?" என்றார் முதலிலேயே.

"குடுத்தேன் பெரியம்மை."

"சேல?"

"கருப்பட்டியோடயே குடுத்தேன்."

முழுக்கதையும் கேட்டுவிட்டு அவர் வெகுநேரம் சிரித்தார். "இந்தத் தடவையும் அவதான் தின்னா, அடி வேற ஆளுக்கு" என்றார்.

தங்கம் சித்தியிடமிருந்து வருடத்துக்கு ஒரு கடிதம் வருகிறது. சேலையை எந்தப் பெட்டியில் வைத்தாலும் மழைக்காலத்தில் எறும்பு கண்டுபிடித்துவிடுகிறதாம். உடன்குடி எறும்பு வழி விசாரித்து வந்துவிட்டது என்று கிரேஸ் தன் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறாளாம். பெரியம்மைக்குக் கண் மங்கிவிட்டதால் கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். அந்த வரியை இரண்டு தரம் வாசிக்கச் சொல்வார்.

எங்கள் வீட்டிலும் கதை நிலைத்துவிட்டது. எந்தப் பட்டியலிலும் ஏறாமல் வந்து சேர்ந்த என் கணவர் அதை ஐயரம்மாவிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். நெய்ச் சாடி அலமாரியில்தான் இருக்கிறது என்று நான் அடித்துச் சொன்னால், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பார்:

"மூணாம் பெட்டியா?"

நான் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.